சிஸ்டரின் காது

சிஸ்டர் ஆள்காட்டி விரலைத் தூக்கினால் எனக்குப் பயம்.

அவர் என்னை ஒருநாளும் மிரட்டியதில்லை. குரலை உயர்த்திப் பேசியதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு மாடி அறையில் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பாதி நேரம் எனக்கு அது கேட்கவே கேட்காது. சிஸ்டருக்குக் கேட்டுவிடும். விரல் எழும். "அழுக்கு," என்பார். இல்லாவிட்டால் "காயம்," என்பார். விரல் இறங்கிவிடும், பாட்டு தன்பாட்டுக்கு ஓடும்.

அழுக்கென்றால் தட்டின் கோட்டில் தூசி அடைந்திருக்கிறது, கழுவினால் போய்விடும். காயமென்றால் கீறல், அது போகாது. "அழுக்கைக் கழுவிக் களையணும் அண்ணாச்சி. காயத்தைக் கூடவே வச்சுக்கிட்டுக் கேக்கணும், கேட்டோ," என்பார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் வாயில் அந்த இரண்டு சொல்லும் வரும்போது, ஏதோ என் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கும்.

நான் ஆரியசாலையில் பிளாஸ்டிக் மொத்த வியாபாரம் செய்கிறவன். கவர், பை, ஷீட், ரேஷன் கார்டு உறை, இப்படி. அப்பா காலத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து வந்து திருவனந்தபுரத்தில் கடை போட்டோம். தெருவில் மலையாளிகள், தமிழர்கள் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. அந்தச் சொல்லுக்கு ஒரு மிடுக்கு உண்டு, எனக்கு அது கிடையாது. மழை பெய்தால் குடோனில் ஈரம் என்று பயம். வெயில் அடித்தால் தீ பிடிக்குமோ என்று பயம். அரசாங்க ஜீப் தெருமுனையில் திரும்பினாலே எனக்கு வேர்த்துவிடும். பயந்தாங்கொள்ளி என்று என் வீட்டுக்காரி சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

சிஸ்டர் எனக்கு நேர் எதிர். அவரைச் சந்தித்ததே ஒரு ரத்தக்களறியில்தான். எங்கள் கடையில் லோடு இறக்குகிற ஒருவர் ஷீட் வெட்டுகிற கத்தியில் கையைக் கொடுத்துவிட்டார். கடை முழுக்க ரத்தம். எல்லோரும் கத்துகிறார்கள், நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கண் இருட்டுகிறது. பின் சந்தில் ஓட்டுக்கூரை வீட்டின் மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த அம்மா நிதானமாகப் படியிறங்கி வந்தார். அடிபட்டவரின் கையைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்துத் துணியால் அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க தரையில இருங்க. நீங்களும் விழுந்தா எனக்கு ரெண்டு பேஷன்ட் ஆவும்."

நான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தெரு அவரை சிஸ்டர் என்றது.

பொன்முடித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரியும். அப்பா அம்மா இருவரும் தோட்டத் தொழிலாளிகள். நர்ஸுக்குப் படித்து, அமெரிக்காவில் டெட்ராய்ட் என்ற ஊருக்குப் போய், அங்கேயே வேலை பார்த்துத் தனியாளாகத் திரும்பியவர். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. நகை நட்டென்று எதையும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள்தான். எல்லாம் அங்கத்திய கறுப்பர்களின் பழைய பாட்டு. சோல் என்பார், ஃபங்க் என்பார். கூட வேலை பார்த்த கறுப்பின நர்ஸ் ஒருத்தி லீவு நாளில் இவரைக் கூட்டிக்கொண்டு, சர்ச்சுகளின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்கிற இடமெல்லாம் ஏறி இறங்குவாளாம். இரண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்து அட்டைப் பெட்டியில் விரலை ஓடவிட்டுத் தேடுவார்களாம். அவள் சாகும்போது தன்னுடைய தட்டுகளையும் இவருக்கே எழுதி வைத்துவிட்டாள்.

"சோல்னா ஆராதனைப் பாட்டு அண்ணாச்சி, சர்ச்சை விட்டு வெளிய வந்து ஆம்பள பொம்பள விஷயம் பாடுது. அவ்வளவேதான்."

"அப்போ ஃபங்க்?"

"அது வேர்த்துட்டு வந்த சோல்."

எனக்கு ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அடிவயிற்றில் இடிக்கிற கிடார், மேலே பித்தளைக் குழல்கள் கூட்டமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தும், ஒருத்தன் பாட்டை விட்டுவிட்டுக் கத்துவான். சிஸ்டர் நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக் காட்டுவார். "எங்க போனாலும் எல்லாரும் ஒண்ணுல வந்து விழணும். எண்ணிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு! எங்க தோட்டத்துல காலையில ஆள் கூப்பிட எங்கப்பா தண்டவாளத் துண்டைத் தட்டுவாரு. இப்படித்தான் விழும்." நான்கு ஞாயிறு கழித்து என் கால் தானாக ஆடியது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்புக்காகவே அடுத்த ஞாயிறும் போனேன்.

அந்தக் காது சாதாரணக் காது இல்லை. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் எல்லாவற்றையும் காதால்தான் பார்ப்பார். படியில் ஏறும்போதே "என்ன அண்ணாச்சி, வலது முட்டி வலிக்குதா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கடையில் கணக்குப் பார்க்கிற மனிதர் ஒருநாள் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க மூச்சு சரியில்ல, இன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க," என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போனார். அங்கே நெஞ்சில் நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடித்து அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள். ஒருவர் பொய் சொன்னாலும் சிஸ்டருக்குக் கேட்டுவிடும். பேச்சின் நடுவில் விரல் எழாது, ஆனால் தலை லேசாகச் சாயும். அந்தத் தலைச்சாய்வுக்குப் பயந்து நான் அவரிடம் அண்டப்புளுகு எதையும் அவிழ்த்துவிட்டதில்லை, அந்த ஒன்று தவிர.

அது வந்த விதத்தைச் சொல்லவேண்டும்.

ஒரு வருஷம் இடவப்பாதி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மாடிச் சுவரெல்லாம் ஓதம். தட்டுகளைச் சுற்றியிருந்த காகித உறைகளில் பூஞ்சை பிடித்து, பச்சையும் கறுப்புமாகப் புள்ளி. சிஸ்டர் எல்லாத் தட்டையும் கழுவினார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டியில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை விட்டு, இரண்டு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து, பாத்திரம் கவிழ்க்கிற ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைத்தார். இருநூற்றுச் சொச்சம் தட்டு. பத்து நாள் ஆயிற்று. பூஞ்சை பிடித்த காகிதத்தைத் திரும்பப் போட முடியாது.

"அண்ணாச்சி, கவர் வேணும். சாதா மெல்லிசு பாலிதீன் மதி, அது போதும்."

எனக்கு அப்போது வந்ததே ஒரு ரோஷம். ஊருக்கெல்லாம் உறை விற்கிறவன், சிஸ்டருக்குப் போய்க் காய்கறிப் பை கனத்தில் கவர் கொடுப்பதா? "சிஸ்டர், நம்ம கடைப் பொருளை நீங்க பாத்ததில்லல்லா? சும்மா இருங்க," என்றேன். இருப்பதிலேயே தடித்த பிவிசி ஷீட்டை எடுத்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும். அளவெடுத்து, நானே வெட்டி, மெஷினில் மூன்று பக்கமும் ஒட்டி, நானே ஒவ்வொரு தட்டையும் உள்ளே தள்ளினேன். அன்பளிப்பு. அந்த அறையே பளபளவென்று ஆகிவிட்டது. சிஸ்டர் விரலால் தடவிப் பார்த்து, "புதுப் பொண்ணு கணக்கா இருக்கு," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னத் தட்டுகள் மட்டும் பாக்கி. பக்கத்துக்கு ஒரே பாட்டு இருக்கிறவை, இருபதோ இருபத்தைந்தோ. அவற்றின் அளவுக்கு நான் உறை வெட்டவில்லை. "அது கெடக்கட்டும். எப்படியும் போடமுடியாது," என்றார் சிஸ்டர். அமெரிக்காவின் சின்னத் தட்டுகளுக்கு நடு ஓட்டை பெரியது. பிளேயரின் கம்பியில் உட்கார ஒரு வட்டுத் துண்டை ஓட்டையில் வைக்கவேண்டும், அவருடையது எப்போதோ உடைந்துபோயிருந்தது. அவை பழைய பிஸ்கட் டப்பாவில் கட்டிலுக்கடியில் கிடந்தன.

ஒரு வருஷம் ஓடியது. மழை போய், அடுத்த மீன மாத வெயில் ஓட்டுக்கூரையைக் காய்ச்சி எடுத்தது. அப்புறம் ஒரு நாள் காலை, ரிட்டயரான வாத்தியார் ஒருவர் கடையில் வந்து ஒரு கவரை என் முன்னால் போட்டார்.

"அண்ணாச்சீ, என்றெ ஆதாரம் முழுவன் உங்க கவர் தின்னு!"

ஆதாரம் என்றால் நிலப் பத்திரம், அதன் ஜெராக்ஸ் நகல். என் கடை பிவிசி உறையில் வைத்திருந்திருக்கிறார். எழுத்தெல்லாம் காகிதத்தை விட்டு உரிந்து பிளாஸ்டிக்கில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. இது எங்கள் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். பிவிசி மெத்தென்று இருப்பதற்கு அதில் ஒருவகை எண்ணெய் சேர்த்திருப்பார்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அது கசியும், எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்துவிடும். வாங்குகிறவர்களிடம் "நடுவில ஒரு வெள்ளைத்தாள் வச்சுக்கிடுங்க" என்று நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. சிஸ்டருடைய தட்டுகளுக்கு நடுவில் நான் ஒரு தாளும் வைக்கவில்லை.

ஞாயிறு வரை சோறு இறங்கவில்லை. போனதும் சிஸ்டர் சாயா போட உள்ளே சென்றார். நான் அலமாரியிலிருந்து கைக்கு வந்த தட்டை உருவி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புத் தட்டின்மேல் வெள்ளையாக ஒரு மூட்டம். கண்ணாடியில் வாய்வைத்து ஊதினால் வருமே, அதுபோல. சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. அடுத்ததை உருவினேன், அதிலும். அதற்கடுத்ததிலும். சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

சிஸ்டர் சாயாவை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் சொல்லட்டா அண்ணாச்சி? யார்ட்டயும் சொல்லல. காதுல ஒரு இரைச்சல் வருது."

"என்ன இரைச்சல்?"

"உஸ்ஸுன்னு. பாட்டுக்கு அடியில. முதல்ல அழுக்குன்னு நெனச்சுக் கழுவினேன், போகல்ல. காயம்னா டிக் டிக்னு விழும், இது அப்படியும் இல்ல. வேற தட்டு போட்டேன், அதுலயும். எல்லாத்துலயும் இருக்கு." அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "ஒரு தட்டுல இருந்தா தட்டுக்கு நோவு. எல்லாத் தட்டுலயும் இருந்தா பின்னே காதுக்குத்தானே நோவு?"

சொல்லிவிடவேண்டியதுதான். நாக்கு நுனியில் இருந்தது. 'சிஸ்டர், அது என் கவர்' என்று நாலே வார்த்தை. நான் சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"வயசு ஆகுதுல்லா சிஸ்டர்," என்றேன்.

இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

காது டாக்டரிடம் போனார். கேட்கும் திறன் சோதனையில் கோடு ஒரு இடத்தில் சரிந்திருந்தது. வயதுக்கு உள்ளதுதான், பெரிதாக ஒன்றுமில்லை என்றாராம் டாக்டர். சிஸ்டர் நம்பவில்லை. "நானும் இப்படித்தான் எத்தனையோ பேஷன்ட்கிட்ட ஒண்ணுமில்லேன்னு சொல்லியிருக்கேன்," என்றார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒரு மனுஷிக்குள் பயம் குடியேறுகிற விதத்தை. எனக்குப் பழகிய சாமான்தான், ஆனால் இன்னொருவர் உடம்பில், அதுவும் அந்த உடம்பில் பார்ப்பது தாங்கமுடியாமல் இருந்தது. கண்ணும் மங்கல், காதும் போகிறது, தனியாள். காஸ் அடுப்பை மூன்று தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குக்கர் விசில் கேட்காமல் போய்விடுமோ என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சந்தில் ஸ்கூட்டர் வருவது தெரியாது என்று சுவரை உரசிக்கொண்டே நடந்தார். மழைச் சத்தத்திலும் அந்த 'உஸ்' இருக்கிறது என்றார். எப்படி இருக்கும்? பயம் வந்துவிட்டால் எதிலும் இருக்கும், எனக்குத் தெரியாதா?

பாட்டு போடுவது குறைந்தது. போட்டாலும் ஒன்றிரண்டு. டிக் என்று எனக்கே கேட்கிற இடத்தில்கூட அவர் விரல் எழவில்லை. ரத்தக்களறியில் கையைத் தூக்கிப் பிடித்த மனுஷி, மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். அந்த விரலுக்குப் பயந்து செத்த நான், எழுடா எழுடா என்று அதைக் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடுவது என்று படியேறுவேன். சொல்லாமல் இறங்குவேன். அழிந்த தட்டுகளுக்கு வழியில்லை, அது போனது போனதுதான். செத்துப்போன சிநேகிதியின் தட்டுகள் வேறு. சொன்னால் அந்த வாசல் எனக்கு அடைபடும் என்று பயம். ஒரு வாரம் சொல்லாமல் விட்டதால் அடுத்த வாரம் சொல்வது இன்னும் பயம். இப்படியே எட்டு ஞாயிறு.

எட்டாவது ஞாயிறு அவர் சொன்னார்: "முன்னெல்லாம் ஒருத்தர் வாயைத் தொறந்தா நெசமா பொய்யான்னு எனக்குக் கேட்டுடும் அண்ணாச்சி. இப்போ பாருங்க, கொஞ்ச நாளா உங்க கொரல்லகூட ஏதோ ஒளிச்சு வச்ச மாதிரி கேக்குது. உங்க கொரல்ல! காது மொத்தமாப் போச்சு."

அந்தக் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அதை நம்பவிடாமல் செய்தவன் நான்.

அதோடு நிற்கவில்லை. "பொன்முடி அடிவாரத்துல, வித்துராவுல, தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அடுத்த ஞாயித்துக்கெழம காலையில ஜீப்பு வரும். தட்டெல்லாம் கோவளத்துல ஒரு காப்பிக் கடைக்காரன் கேட்டான், சுவத்துல ஆணியடிச்சு மாட்டுவானாம். எடுத்துக்கட்டும். கேக்காதவளுக்கு எதுக்கு?"

ஆணி. அந்தத் தட்டுகளின் நெஞ்சில். நான் எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கினேன்.

அந்த வாரம் கடையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது வெள்ளிக்கிழமை. அந்தச் சின்னத் தட்டுகளை என் உறை தொடவே இல்லை. தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் வட்டம் வெட்டி, நடுவில் துளைபோட்டு, அரத்தால் ராவி ராவி ஒரு வட்டுச் செய்தேன். நாலு வட்டு பாழாகி ஐந்தாவது சரியாக வந்தது. நான் சொன்னால் சிஸ்டர் நம்பமாட்டார், அவரே கேட்கட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. சொல்ல வாய் வராது என்பதுதான் உண்மை.

ஞாயிறு காலை சந்தில் ஜீப் நின்றிருந்தது. டிரைவர் மெத்தையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் படியேறும் சத்தம் சிஸ்டருக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் நம்பவில்லையோ, நிலைப்படியில் நின்றபோது திடுக்கிட்டுத் திரும்பினார்.

"சிஸ்டர், ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பிஸ்கட் டப்பாவிலேர்ந்து."

"அது போடமுடியாதுல்லா?"

வட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டப்பாவைத் திறந்து, மேலாக இருந்த சின்னத் தட்டை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் விளிம்பில் பிடித்துக்கொண்டு போனார். பிளேயர் மட்டும் இன்னும் கட்டாமல் இருந்தது. வட்டு சரியாக உட்கார்ந்தது. ஊசியை இறக்கினார்.

முதலில் ஒரு முரசு. பிறகு அந்தக் கிடார், அடிவயிற்றில். குழல்கள் ஒரே வாயாக ஒரு வார்த்தை. ஒருத்தி பாட ஆரம்பித்தாள், நாலாவது வரியில் அடக்கமுடியாமல் கத்தினாள். அடியில் இரைச்சல் இல்லை. ஒரு துளிகூட இல்லை. ஒன்று ரெண்டு மூன்று நாலு, ஒன்று.

சிஸ்டரின் வாய் திறந்தது. கை காதுக்குப் போயிற்று. "கேக்குது," என்றார். "அண்ணாச்சி, கேக்குதுல்ல!" கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது, துடைக்கவில்லை, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒன்று விழும் இடத்தில் எல்லாம் தட்டினார். பாட்டின் நடுவில் ஒரு 'டிக்' வந்தது. விரல் எழுந்தது. "காயம்," என்றார் சிரித்துக்கொண்டே. "அந்த டெட்ராய்ட் சிநேகிதி, அவ பிறந்தநாளுக்குக் கீழ போட்டது."

பாட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கி வைத்தார். நின்ற இடத்திலேயே யோசித்தார். நர்ஸ் மூளை, எவ்வளவு நேரம் ஆகும்?

"இது டப்பாவுல இருந்தது," என்றார் மெதுவாக. "மத்ததெல்லாம் உங்க கவர்ல இருந்தது."

நான் தலையாட்டினேன். கண் மங்கல், அது தெரிந்திருக்காது. "ஆமா சிஸ்டர்," என்றேன்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

'இப்போதான்' என்று சொல்ல இடம் இருந்தது. அந்த நேரத்தில் என் உடம்பில் இருந்த பயமெல்லாம் ஒன்றுசேர்ந்து அந்த ஒரு சொல்லைத்தான் என் வாய்க்குள் தள்ளியது. ஆனால் சிஸ்டரின் தலை லேசாகச் சாய்ந்திருந்தது.

"ஒம்பது ஞாயிறா," என்றேன்.

வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார். சிஸ்டர் அசையவில்லை.

"தட்டு போனா போவட்டும். மனுசன் செஞ்ச பொருள்," என்றார். குரல் உயரவே இல்லை. "ஒம்பது வாரம் நான் ஒத்தையில பயந்தேன் அண்ணாச்சி. நீங்க என் எதிர்ல இருந்து சாயா குடிச்சீங்க."

நான் இறங்கி வந்துவிட்டேன். பின்னால் டிரைவரிடம் மெத்தையை இறக்கச் சொல்கிற குரல் கேட்டது.

மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் ஒரு சாக்கு. உள்ளே என் உறைகள் அத்தனையும், ஒன்றுகூட விடாமல். கடை ஆட்கள் என்ன என்று கேட்டார்கள், ரிட்டர்ன் சரக்கு என்றேன். காப்பிக் கடைக்காரன் வந்து வெறும் கையோடு திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். மூன்று ஞாயிறு நான் அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாலாவது ஞாயிறு மத்தியானம், முன்னால் கை வெட்டுப்பட்ட லோடுக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, சாயா ஆறிப்போவுதுன்னு சிஸ்டர் சொல்லச் சொன்னாங்க."

படியேறும்போது முட்டி வலித்தது. உள்ளேயிருந்து ஒரு குரலும் வரவில்லை. அறையில் தட்டுகளெல்லாம் புதிய வெள்ளைக் காகித உறைக்குள் நின்றுகொண்டிருந்தன. சாயா வைத்திருந்தது. நான் குடிக்கவில்லை. சிஸ்டர் பெரிய தட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். பாட்டு தொடங்குவதற்கு முன்பே அந்த 'உஸ்' தொடங்கியது, அறை முழுக்க.

சிஸ்டர் விரலைத் தூக்கினார். தூக்கியபடியே என்னைப் பார்த்தார். அழுக்கு என்றும் சொல்லவில்லை, காயம் என்றும் சொல்லவில்லை. அவர் காத்திருக்கிறார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"காயம்," என்றேன் நான்.

"ம்," என்று விரலை இறக்கினார். "சாயாவைக் குடிங்க."